காலையில் வலிக்கிறதா, மாலையில் வலிக்கிறதா?

தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், கீழே மாவு மில், மாடியில் என் பிசியோதெரபி அறை. மாடிக்கு வருகிறவர்கள் நோயின் பெயரைச் சொல்வதில்லை. சிகிச்சையின் பெயரைத்தான் சொல்வார்கள். "கரண்ட் வைக்க வந்தேன்." முழங்காலானாலும் கரண்ட், தோளானாலும் கரண்ட், விரலானாலும் கரண்ட். ஏன் வலிக்கிறது என்று கேட்டால் வாயு, வயது, எப்போதோ வந்துபோன சிக்குன்குனியா ஆகிய மூன்றில் ஒன்று பதிலாக வரும். மூட்டு வலி எல்லாம் ஒரே வலி, அதற்கு ஒரே மாத்திரை என்பது வட சென்னையின் பொது நம்பிக்கை. வட சென்னை என்ன, அடையாற்றிலும் இதே கதைதான். அங்கே வாயுவை ஆங்கிலத்தில் சொல்வார்கள்.

மூட்டு நோய்களில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. அத்தனையும் தெரிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: வலி காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? கூடவே, எழுந்ததும் விறைத்திருக்கும் மூட்டு எவ்வளவு நேரத்தில் இளகுகிறது? இதற்குக் காசு செலவில்லை, ஊசி குத்த வேண்டியதில்லை. கைநிறைய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைத் தாள்களுமாக வருகிறவர்களிடம்கூட இதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

பகல் முழுக்க நின்று, நடந்து, படியேறி, பொழுது சாயும்போது வலி கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது, காலையில் சிறிது விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். இரவெல்லாம் தூங்கி ஓய்வெடுத்தும் விடிந்ததும் கட்டிப்போட்டதுபோல் விறைத்து, ஒரு மணி நேரம் புழங்கிய பிறகே மூட்டு வழிக்கு வருகிறது என்றால் அது அழற்சி. அழற்சியைக் கிளப்பும் புரதங்கள் ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது விடியற்காலையில். அவற்றை அடக்க உடல் தானே சுரக்கும் கார்ட்டிசால் மிகக் குறைவாக இருப்பது நள்ளிரவை ஒட்டிய நேரத்தில். இந்தப் பொழுதுக் கணக்குதான் இரண்டு பெரிய குடும்பங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

தேய்மானத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மாடி ஏறி வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம். அவர்கள் ஏறும் விதத்திலேயே, ஒரு காலை வைத்து மறுகாலை அதே படிக்கு இழுத்து, கைப்பிடியில் பாதி எடையைப் போட்டு வருவதிலேயே, பாதி தெரிந்துவிடும். வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தை இடுப்பில் ஏற்றி மேலே கொண்டுபோக வேண்டும். வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறை. ஐம்பது வயதுப் பெண்மணியின் முழங்காலுக்கு வேறு எதிரி எதற்கு? எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. நரம்பில்லாததால் சேதம் தொடங்கும்போது தெரிவதில்லை. ரத்த ஓட்டம் இல்லாததால் சேதமானது சரிவர வளர்ந்து மூடுவதுமில்லை. அது மெலிய மெலிய அடியிலுள்ள எலும்பு தடித்து, விளிம்பில் முள்போல் துருத்துகிறது. வயது, எடை, எப்போதோ பட்ட அடி, பெற்றோர் வழி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அதிகம் வருகிறது.

எக்ஸ்ரே படத்தை நீட்டி, "எலும்பு எலும்போடு உரசுகிறதாம், கிரீஸ் போய்விட்டதாம்" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு. அந்தப் படத்துக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு சந்தைக்கு நடந்துபோய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். படம் சுமாராக இருந்தும் வலியில் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தொடையின் முன்பக்கத் தசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே பல நேரம் வலியைத் தீர்மானிக்கிறது. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. உட்கார்ந்தபடி காலை நீட்டித் தூக்கும் சாதாரணப் பயிற்சியைத் தினமும் செய்தால் கரண்ட் தருவதைவிட அதிகம் தரும். கரண்ட் வைத்துப் பிழைக்கிற நானே சொல்கிறேன், நம்பலாம். எதற்கும் மசியாத மூட்டுக்கு மாற்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் இன்னொரு குடும்பத்தைப் பற்றி.

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கும் அக்கா ஒருவர் வந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. விடியற்காலை நாலு மணிக்குக் கத்தி பிடிக்க முடியவில்லை, எட்டு மணிக்கு மேல் பிடிக்க முடிகிறது, ஆனால் எட்டு மணிக்குள் வியாபாரமே முடிந்துவிடுகிறது என்றார். பல வருடம் ஐஸில் கை வைத்ததால் வந்த வினை என்று மார்க்கெட்டில் எல்லாரும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி வளையல்களைச் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்து நாளாகிவிட்டதாம்.

இரு கைகளையும் முஷ்டி மடக்கச் சொன்னேன். முஷ்டி மடக்கினால் விரல் கணுக்கள் மேடாகவும், இடையில் பள்ளமாகவும் தெரிய வேண்டும். அவருக்குப் பள்ளங்கள் தூர்ந்துபோய், கணு வரிசை முழுவதும் ஒரே மேடாக இருந்தது, இரண்டு கைகளிலும் அதே இடத்தில். உள்ளங்கையின் மேற்பகுதியை இரு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுக்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. தேய்மானம் விரலுக்கு வந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கணுவில் முடிச்சு விழும். அழற்சிக் குடும்பத்தின் முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) அதை விட்டுவிட்டு நடுக் கணுவையும் அடிக் கணுவையும் மணிக்கட்டையும் பிடிக்கும். அன்று கரண்ட் வைக்காமல், சீட்டு எழுதி மூட்டு நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். வந்த காரியம் நடக்கவில்லை என்று அவருக்குக் கோபம்.

ஐஸ் இந்த நோயைத் தருவதில்லை. குளிர்ந்த கையில் வலி கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். முடக்குவாதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே அந்நியமாக நினைத்துத் தாக்குகிறது. மூட்டைச் சுற்றி உட்புறமாக ஒரு மெல்லிய சவ்வு உண்டு; மூட்டுக்குள் வழுவழுப்பான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, சதைபோல் வளர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. தசைநார்கள் தளர்ந்து விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வது கடைசிக் கட்டம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பரம்பரையாக வரும் சில மரபணுக்கள் வாசலைத் திறந்து வைக்கின்றன. புகைப்பழக்கம் உள்ளே தள்ளுகிறது. ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணிந்து, பிள்ளை பெற்ற சில மாதங்களில் சீறி எழும். பச்சை உடம்பில் தண்ணீரில் கை வைத்ததால் வந்தது என்று மாமியார்கள் சொல்வது அந்த வலியைத்தான்.

இதை மூட்டு நோய் என்று சொல்வதே பாதிதான் சரி. அழற்சி ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். நுரையீரலில் தழும்பு விழலாம், கண் வறண்டு சிவக்கலாம், ரத்தசோகை வரலாம். களைப்பாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் வீட்டில் சோம்பேறி என்று பெயர் வைக்கிறார்கள். அந்தக் களைப்பும் நோயே.

முடக்குவாதத்துக்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய் இருந்தும் அது இல்லை என்று வருகிறவர்கள் உண்டு. நோயே இல்லாமல் இருக்கிறது என்று வருகிறவர்களும், குறிப்பாக வயதானவர்களில், உண்டு. ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இன்னும் துல்லியமானது. அதுவும் எல்லாரிடமும் தென்படுவதில்லை. தெருமுனை ஆய்வுக்கூடத்தின் சலுகைத் தொகுப்பில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பது வீண். வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த விரல் முதலில் வேண்டும்.

அந்த அக்கா இரண்டு வருடமாக எப்படி ஓட்டினார்? மருந்துக் கடையில் 'செட்' வாங்கி ஓட்டினார். வட சென்னையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல், கடைக்காரர் நாலைந்து டப்பாக்களிலிருந்து ஒவ்வொரு மாத்திரையை வெட்டியெடுத்து ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார். இரண்டு வேளைக்கு இரண்டு செட். ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, பெரும்பாலும் ஒரு துளியூண்டு ஸ்டீராய்டு. அந்தத் துளியூண்டுதான் கதாநாயகன். சாப்பிட்ட மறுநாள் வீக்கம் வற்றி, பசியெடுத்து, உடம்பு லேசாகிவிடும். 'கைராசிக்காரர்' என்று கடைக்காரருக்குப் பெயர் வந்துவிடும்.

ஸ்டீராய்டை நான் திட்டவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் இந்த ஹார்மோன் ஆய்வில் ஈடுபட்ட வேறு இருவருக்கும் நோபல் பரிசே கிடைத்தது. அதற்குள் அதன் மறுமுகமும் தெரியத் தொடங்கிவிட்டது. முகம் நிலவுபோல் உருண்டை ஆகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பொடியும், தோல் காகிதமாக மெலியும், கண்ணில் புரை விழும், இடுப்பில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது உள்ளேயே சிதையலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் உடல் தன் சொந்தச் சுரப்பை அதற்குள் நிறுத்தியிருக்கும். நல்ல மருத்துவர்களும் ஸ்டீராய்டு தருகிறார்கள். ஆனால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரைக்குமான இடைப்பாலமாக. செட்டில் அது பாலம் அல்ல, ஊரே அதுதான்.

வலி மாத்திரைகளும் சாதுவல்ல. டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண்ணைக் கொண்டுவரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் அழிந்ததற்கு இதே மருந்துதான் காரணம். மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டின் மாமிசம் வழியாகக் கழுகுக்குள் போய், சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிந்து அவை செத்து விழுந்தன. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை 2006-இல் இந்தியா தடை செய்தது. மனிதருக்கு அது கழுகுக்குச் செய்ததைச் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் தினம் இரண்டு என்று வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள், அதனால் சொல்லுகிறேன்.

செட்டின் உண்மையான குற்றம் பக்க விளைவுகூட அல்ல. எல்லா வலியையும் ஒரே மாதிரி அடக்கி, எது தேய்மானம், எது அழற்சி என்ற வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. வலி அடங்கியிருக்கும்போதும் எலும்பு அரிக்கப்படுவது நிற்பதில்லை. முடக்குவாதத்தில் அந்த அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. சரியான மருந்து மிக நன்றாகப் பலன் தரும் காலமும் அந்தத் தொடக்கக் காலம்தான்.

அந்தச் சரியான மருந்தின் கதை நம் ஊரில் தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் ஒரு பெருமை. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் பகையைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். 1940-களில் லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் உருவத்தைச் சற்றே திருத்தி, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றைத்தான் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். இன்னொன்று மெத்தோட்ரெக்சேட். 1948-இல் சுப்பாராவ் இறந்தபோது அது மூட்டுக்கு உதவும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதம் அடங்குகிறது என்று ஆய்வுகள் நிறுவி, 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இன்று உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் எழுதப்படுவது இதுதான். பக்க விளைவைக் குறைக்க இதோடு ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். அடக்குகிற மாத்திரை, காக்கிற மாத்திரை இரண்டும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. அவர் படித்த கல்லூரியோடு இணைந்த அரசு பொது மருத்துவமனையில், மூட்டு நோய்ப் பிரிவின் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இன்று அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஆண்கள் பக்கம் வருவோம். துறைமுகத்துக்குள் நுழைய மணலி, எண்ணூர்ச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். வரிசையைவிட்டு இறங்க முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஓட்டுநர்கள் உண்டு. அப்படி ஒருவர், ராத்திரி மது அருந்திப் படுத்தவர், விடியற்காலையில் வலது கால் பெருவிரல் தக்காளி நிறத்தில் வீங்கி, மேலே போர்த்திய லுங்கி பட்டாலே அலறும் நிலையில் வந்தார். அடிபட்ட ஞாபகம் இல்லை. இது கவுட். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரைந்து நிற்காமல் படிகமாக உதிரத் தொடங்குகிறது. படிகங்கள் ஊசி வடிவில் மூட்டுக்குள் தங்குகின்றன. வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கப் போய் வெடிக்கும் கலவரமே அந்த வீக்கம். கால் பெருவிரல் உடலின் குளிர்ந்த முனை என்பதால் படிகம் அங்கே எளிதில் உறைகிறது.

பீர், மற்ற மது வகைகள், ஈரல், குடல், ஆட்டுக்கறி, இனிப்புக் குளிர்பானங்கள் யூரிக் அமிலத்தை ஏற்றும். நெத்திலியும் மத்தியும் ஏற்றும். காசிமேட்டுப் பக்கம் இதைச் சொன்னால் அடிக்காத குறைதான். ஆனால் சாப்பாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலானவர்களுக்கு யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததே முக்கியக் காரணம். அதில் பரம்பரைக்கும், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில நீர் மாத்திரைகளுக்கும் பங்குண்டு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு விஷயங்களை ஊரே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது. வீக்கம் இருக்கும் நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டலாம். அதனால் கவுட் இல்லை என்று ஆகாது. வீக்கமோ வலியோ வந்ததே இல்லாமல் எண் மட்டும் சற்று உயர்ந்திருந்தால், பொதுவாக அதற்காக மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. முழங்கால் தேய்மானத்தோடு வருகிறவருக்கு யூரிக் அமிலம் 7.2 என்று பார்த்து, அதுதான் வலிக்குக் காரணம் என்று பருப்பையும் கீரையையும் நிறுத்திவிடுகிற கொடுமையை வாரந்தோறும் பார்க்கிறேன்.

வியாசர்பாடியில் கால்பந்து ஆடாத பையன் இல்லை. இடுப்பு வலித்தால் ஆட்டத்தில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிடுவது வழக்கம். அப்படி விடக் கூடாத வலி ஒன்று உண்டு. இருபதுகளில் இருக்கும் இளைஞன். வலி அடி முதுகிலும் பிட்டத்திலும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடுகிறது. காலையில் குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. ஆனால் மைதானத்தில் பத்து நிமிடம் ஓடினால் வலி குறைகிறது. ஓய்வில் கூடி, ஓட்டத்தில் குறைகிற முதுகு வலி பெரும்பாலும் அடியினால் வந்ததாக இருக்காது. முதுகெலும்பும் இடுப்பும் சேரும் மூட்டில் தொடங்கி மேலேறி, கவனிக்காவிட்டால் வருடக்கணக்கில் முதுகெலும்புக் கணுக்களை ஒன்றோடொன்று இறுக்கி ஒட்டிவிடும் அழற்சியாக அது இருக்கலாம், ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்று அதற்குப் பெயர். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் குறியோடு இதற்கு நெருங்கிய தொடர்பு இருப்பது 1973-இல் தெரியவந்தது. குறி இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுவது முதல் அறிகுறி. கண் மருத்துவர் முதுகைப் பற்றிக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த நோயில் என் தொழிலுக்கு உண்மையிலேயே மதிப்புண்டு. தினப் பயிற்சி இங்கே மருந்துக்குச் சமம்.

இதன் உறவுக்கார நோய்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் செதில் உதிரும் சொரியாசிஸ் இருந்து, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழுந்து, ஒரு விரல் முழுவதும் உப்பினால் அது சொரியாசிஸ் சார்ந்த மூட்டு அழற்சி. வயிற்றுப்போக்கோ சிறுநீர்த் தொற்றோ வந்துபோன சில வாரங்களில் முழங்காலும் கணுக்காலும் வீங்குவது இன்னொன்று. இளம்பெண்ணுக்கு மூட்டு வலியோடு முடி கொட்டி, வாயில் புண் வந்து, வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்தால், முடக்குவாதம்போலவே எதிர்ப்பு மண்டலம் தன் உடலைத் தாக்கும் லூபஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அதில் மூட்டைவிடச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே பெரிய வேலை.

சிக்குன்குனியாவுக்கு நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் மக்கள் சொல்லும் மூன்று காரணங்களில் அது ஒன்றுதான் நேரடி உண்மை. 1964-இலேயே மதராஸைப் புரட்டிப் போட்ட நோய் அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2006-இல் தமிழ்நாடு முழுக்கத் திரும்பி வந்தது. கடிப்பது சாக்கடைக் கொசு அல்ல. டிரம்மிலும் குடத்திலும் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும் பகல் கொசு. குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்களில் அதற்கு வாடகையில்லா வீடு. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும், காலை விறைப்போடு முடக்குவாதத்தின் நகல்போலவே. பெரும்பாலோருக்குத் தானே அடங்குகிறது. ஆனால் காய்ச்சல் வந்து மூன்று மாதம் கழிந்தும் கை வீங்கியே இருந்தால், பழியைக் கொசு மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

குழந்தைகளுக்கும் மூட்டு அழற்சி வரும் என்பதே பலருக்குச் செய்தி. பதினாறு வயதுக்குள், ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வீக்கம் ஒரு தனி நோய். கண்ணில் வலியே இல்லாமல் அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கக் கூடியது. இன்னொன்று, நெருக்கமான வீடுகளில் பரவும் தொண்டைத் தொற்று. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் முழங்கை என்று வீக்கம் இடம் மாறிக்கொண்டே போகும். மூட்டு முழுசாகத் தேறிவிடும். இதய வால்வு தேறாமல் போகலாம். ருமாட்டிக் காய்ச்சல் என்ற இதை, மூட்டை நக்கி இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பென்சிலின் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வருடக்கணக்கில் விடாமல் போட வேண்டும். வீக்கம்தான் போய்விட்டதே என்று ஊசியை நிறுத்துகிற பெற்றோரிடம் நான் கத்தியே இருக்கிறேன்.

ஒரே ஒரு மூட்டு, திடீரென்று, சூடாக, சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் என் அறைக்கு வர வேண்டாம். மருந்துக் கடைக்கும் போக வேண்டாம். நேராக ஸ்டான்லியோ பெரிய ஆஸ்பத்திரியோ, அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே கரைந்துவிடும். அதுவே வாரக்கணக்கில் மெதுவாக வீங்கி, மாலைக் காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அது நுரையீரலோடு நிற்பதில்லை. முடக்குவாதத்துக்கும் முதுகு அழற்சிக்கும் இப்போது தரப்படும் விலையுயர்ந்த உயிரியல் ஊசிகளில் சில, உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். அதனால்தான் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள். காசு பிடுங்க அல்ல.

கடைசியாக, மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு. அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போகலாம். குறித்த கால இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மது கூடாது. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் செட்டுக்குத் திரும்பக் கூடாது. மாத்திரை அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதி வைக்கவும், வீட்டில் இன்னொருவருக்கும் அதைச் சொல்லி வைக்கவும் நான் வற்புறுத்துவேன். கோபித்துக்கொண்டு போன காசிமேட்டு அக்கா இப்போது மாதம் தவறாமல் மருந்து வாங்குகிறார், பயிற்சிக்கும் வருகிறார். அவருடைய அட்டையில் வியாழன் என்று எழுதியிருந்தது. ஏன் வியாழன் என்று கேட்டேன். "ராத்திரி போட்டால் மறுநாள்தான் குமட்டுகிறது. வெள்ளிக்கிழமை யார் மீன் வாங்க வருகிறார்கள்?" என்றார்.